துளி இனிப்பு போடாத பிஸ்கட்

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெல்லப்பாகுக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஓட்ஸ் பிஸ்கட்டில் இனிப்புக்கு இனிமேல் அதுதானாம். சர்க்கரை டப்பாவை அலமாரி மூலைக்குத் தள்ளியாயிற்று.

“ஒரே கரும்புல பொறந்தவங்கதானே நாம? எனக்காக ஒரு வார்த்தை பேசேன், தங்கச்சி!” என்றது சர்க்கரை.

“யாருடி தங்கச்சி? நான் உடம்புக்கு நல்லவ. உன்கூட என்னைச் சேர்க்காதே!”

பிஸ்கட் பொன்னிறமாக வெந்து வந்தது. பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி ஒன்றைக் கடித்துக் கண்ணை மூடினாள்.

“என்ன ருசி! இனிப்புக்கு என்னடி போட்டே?”

“இனிப்பா? துளிகூடப் போடலைக்கா. எல்லாம் ஓட்ஸோட குணம்!” என்றாள் வீட்டுக்காரி.

பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த மிச்சப் பாகு அதிர்ந்துபோனது. துளிகூடவா? ஒரு கிண்ணம் நிறையக் கரைந்தேனே! “ஏய் ஓட்ஸ், நீயாவது உண்மையைச் சொல்லித் தொலையேன்!”

ஓட்ஸ் புகழை வாங்கிக்கொண்டு தட்டில் மினுமினுத்தது.

செய்முறை பார்க்கிறேன் என்று செண்பகவல்லி எழுந்தாள். வீட்டுக்காரி முந்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்து, பாகுப் பாத்திரத்தை அலமாரி மூலையில் ஒளித்துக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே சர்க்கரை டப்பா சற்றுத் தள்ளி இடம் விட்டது.

“வா தங்கச்சி.”

யாருடி தங்கச்சி என்று பாகு இந்தமுறை கேட்கவில்லை.