பதினொரு மணிக்குக் குரல் தேர்வு

“இன்னும் ஊமையாத்தான் இருக்கு, மாப்பிள்ளை. ஒரு சத்தமும் வரலை,” என்றார் மாமனார். கணிப்பொறி பழுது பார்க்கும் கடையில் இருந்த மருமகன், கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். மணி பத்து இருபது.

மாமனார் முப்பத்திரண்டு ஆண்டுகள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராகப் பணியாற்றியவர். ஓய்வு பெற்ற பின் அந்தக் குரலுக்கு வீட்டில் வேலையில்லை. சாப்பாடு தயார் என்று அறிவிக்கும் பொறுப்பைக்கூட மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்நிலையில், ஒலிப்புத்தகம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று அவரைக் குரல் தேர்வுக்கு அழைத்திருந்தது. பதினொரு மணிக்குக் கணிப்பொறி வழியாக இரண்டு பக்கங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். மைக் உள்ள ஹெட்போன் கட்டாயம். வாய்ப்பு ஒரே ஒரு முறைதான்.

இதற்கென்றே வாங்கிய கம்பியில்லா ஹெட்போன்தான் கணிப்பொறியோடு சேர மறுத்தது. நேற்று மகள் வந்து, அப்பாவின் கைபேசியில் பாட்டுப் போட்டுச் சோதித்தபோது அது நன்றாகவே பாடியதாம். அப்படியானால் கோளாறு ஹெட்போனில் இல்லை, அதைக் கணிப்பொறிக்குப் புரியவைக்கும் டிரைவர் மென்பொருளில்தான் என்று மருமகன் பணிவுடன் முடிவு சொன்னார்.

“போனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வச்சிடுங்க மாமா, ரெண்டு கையும் வேணும். ஹெட்போனை ஆன் பண்ணி மாட்டிக்குங்க. நான் சொல்ற வரைக்கும் கழட்டாதீங்க.”

மாமனார் அப்படியே செய்தார். பழைய டிரைவரை நீக்கினார்கள், புதியதை இறக்கினார்கள், கணிப்பொறியை மூன்று முறை அணைத்து எழுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் பட்டியலில் ஹெட்போனின் பெயர் வந்தது. இணைக்கச் சொன்னால் வட்டம் சுற்றிவிட்டு, முடியவில்லை என்று கைவிரித்தது.

“கம்ப்யூட்டருக்கே டாக்டர்னு சொல்லித்தானே பொண்ணு கேட்டு வந்தீங்க,” என்றார் மாமனார். மருமகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நோயாளியை நேரில் பார்க்காமல் வைத்தியம் செய்வதில் உள்ள சிரமத்தை மெல்ல எடுத்துரைத்தார்.

இவ்வளவு பதற்றத்திலும் ஒன்றை அவர் வியக்காமலிருக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் பேசினால் மாமாவின் குரல் வழக்கமாகக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இன்றோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கணீரென்று கேட்டது. இப்படிப்பட்ட குரல் வீணாகப் போகிறதே என்று அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

மணி பத்து ஐம்பது. கடையைப் பூட்டிவிட்டு வேறொரு ஹெட்போனோடு கிளம்பலாமென்றால், வீடு முக்கால் மணி நேரத் தொலைவு. தயங்கித் தயங்கி அதையும் சொல்லிவிட்டார்.



“பரவாயில்லை மாப்பிள்ளை, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. வண்டி ரத்துன்னு எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன். இன்னிக்கு எனக்கு ஒருத்தர் சொல்றார், அவ்வளவுதானே.”

 மருமகன் கடைசியாக ஒரு முறை டிரைவரை நீக்கிப் பார்ப்போமா என்று கேட்க வாயெடுத்தபோது, மறுமுனையில் கதவு திறக்கும் ஓசையும், யாரோடு இப்படித் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று மாமியார் கேட்பதும் காதில் விழுந்தன.

“மாப்பிள்ளையோடதான், போன்ல,” என்றார் மாமனார் சலிப்போடு.

“சார்ஜ் இல்லைன்னு போனை நான் அப்பவே எடுத்துட்டுப் போய் சமையலறையில போட்டுட்டேனே! அப்ப மாப்பிள்ளை பேசறது உங்க காதுல மாட்டியிருக்கிறதுலயா கேக்குது?”