த்ரில்டுக்கு என்ன ஜோடி?

"‘வெரி த்ரில்ட்’னு சொல்லக் கூடாது. ‘த்ரில்ட்’ கூட ‘வெரி’ ஒட்டாது. ‘அப்ஸல்யூட்லி த்ரில்ட்’னு சொல்லணும். சந்தோஷத்துல உடம்பே சிலிர்த்துப் போச்சுன்னு அர்த்தம்" என்றாள் சுகிர்தா.

தீவுத் தலைநகரின் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் அவள் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. வேலை முடிந்து சாயங்காலம் வருகிற பெரியவர்கள்தான் மாணவர்கள். சுனாமி வந்து சில வருடங்களாகி, டூரிஸ்டுகள் மறுபடியும் கூட்டமாக வரத் தொடங்கியிருந்தார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு நல்ல வேலை கிடைத்தது.

"‘வெரி ஹேப்பி’ன்னு சொல்றோமே டீச்சர். இது மட்டும் ஏன் ஒட்டாது?" என்று கேட்டாள் பியூட்டி பார்லர் புஷ்பா.

"யாரும் சட்டம் போடல அக்கா. ரொம்ப காலமா சேந்தே இருந்து ஜோடியாயிடுச்சுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், இரண்டு பேரைத் தவிர. ஒருவர் டூரிஸ்ட் படகு ஓட்டும் சொக்கலிங்கம். இன்னொருத்தி சந்திரமதி, ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பிரிவில் இருந்தாள், ரிசப்ஷனுக்கு மாற ஆசை. இருவருமே நாற்பதைத் தாண்டியவர்கள்.

முதல் நாள் உள்ளே நுழைந்த சந்திரமதி, முன்பெஞ்சில் சொக்கலிங்கத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு ஆகக் கடைசி மூலையில் போய் உட்கார்ந்தாள். ஆண்களும் இருக்கிற வகுப்பு, கூச்சம் போல என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள். சந்திரமதியின் கழுத்தில் தாலி இல்லை. சொக்கலிங்கம் தன் வீட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. இருவரும் அலை அடித்த தீவுகளிலிருந்து வந்தவர்கள் என்று மட்டும் தெரியும். யாரை இழந்தீர்கள் என்று அந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

"சரி, பேசிப் பாப்போம். இது ஏர்போர்ட். ரொம்ப வருசம் கழிச்சு ஒருத்தங்க வந்து இறங்குறாங்க. சொக்கலிங்கம் சார், நீங்க கூப்பிட வந்திருக்கீங்க. சந்திரமதி அக்கா, வர்றவங்க நீங்க."

சந்திரமதி தயங்கித் தயங்கி எழுந்து வந்தாள். சொக்கலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"ஐ குட் நாட் வெயிட் டு ஸீ யூ."

உன்னை எப்போது பார்ப்போம் என்று பொறுக்க முடியவில்லை என்று அர்த்தம். புத்தகம் பார்க்காமல் சொன்னார்.

சந்திரமதி தரையைப் பார்த்தபடி, "ஐ ஆம்... ஓவர் த மூன்" என்றாள்.

"ரைட். நிலாவுக்கும் மேல போயிட்ட மாதிரி சந்தோஷம். அவரைப் பாத்துச் சொல்லுங்க அக்கா."

நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவர்களைக் கூப்பிட வேண்டியே இருக்கவில்லை. ‘த்ரில்ட் டு பிட்ஸ்’ என்றால் சந்தோஷத்தில் சுக்கல் சுக்கலாகச் சிதறுவது என்று சுகிர்தா சொல்லி முடிப்பதற்குள், "வென் யூ லாஃப், ஐ ஆம் த்ரில்ட் டு பிட்ஸ்" என்றார் சொக்கலிங்கம், மூலையைப் பார்த்து. சந்திரமதி மூலையிலிருந்து நகர்ந்து நகர்ந்து இரண்டாவது பெஞ்சுக்கு வந்துவிட்டாள். தலையில் பூ ஏறியது. சொக்கலிங்கத்தின் மீசை கறுத்தது. வகுப்பு முடிந்ததும் மட்டும் அவர் ஸ்கூட்டரில் முன்னால் போவார். அவள் பஸ்ஸுக்கு நடப்பாள்.

"அரே டீச்சர், கண்ண மூடிக்கிட்டா பாடம் நடத்துறீங்க?" என்றாள் புஷ்பா ஒரு நாள். "ரெண்டும் தனிக்கட்டை. நீங்க ஒரு வார்த்த பேசி வைங்க."

"தப்பா எடுத்துக்கிட்டா? நாளைக்கு ஊரே என் கிளாஸப் பத்திப் பேசும்."

"அடுத்த வாரம் கோர்ஸ் முடியுது. அப்புறம் அவர் கடல்ல, இவங்க ஹோட்டல்ல. யாரு சேத்து வைப்பா?"

சுகிர்தாவால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. கடைசி நாள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவர்கள் இருவரையும் நிறுத்தினாள்.

"கோவிச்சுக்காதீங்க. மனசுல பட்டதச் சொல்றேன். போனவங்க போயிட்டாங்க, இருக்கிறவங்க நல்லா இருக்கணும். நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமே."

சொக்கலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சந்திரமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து, அழவைத்துவிட்டோமே என்று சுகிர்தா பதறிப்போனாள்.

சந்திரமதி அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருசமாச்சு டீச்சர்" என்றார் சொக்கலிங்கம்.

சுகிர்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப... தாலி?"

"அலையில அறுந்து போச்சு" என்றாள் சந்திரமதி. "இனி தீவே வேணாம், மெயின்லேண்டுக்கே போயிடலாம்னு நான் சொன்னேன், இவர் மாட்டேன்னுட்டார். அன்னைக்கு நின்ன பேச்சு. ஒரே வீடுதான். சோறு வைப்பேன், சாப்பிடுவார். புதுத் தாலி கேக்கணும்னாலும் வாயத் தொறக்கணுமே. இவர் இங்க படிக்க வர்றதே எனக்குத் தெரியாது."

"இப்ப வீட்டுலயும் பேசிக்கிறீங்கதானே?"

"பேசாம என்ன, விடிய விடியப் பேசுறோம்" என்றார் சொக்கலிங்கம். "ஆனா இங்கிலீஷ்ல மட்டும். தமிழ்ல ஆரம்பிச்சா, மொதல்ல எறங்கி வந்தது யாருன்னு திரும்பவும் சண்டை வந்துரும்."