மண்ணீரல் வள்ளல்

தேவாலாவில், தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் அம்புரோஸ் ஆபரேஷன் முடிந்து திரும்பியதும் ஃப்ளெக்ஸ் பேனர் எழும்பியது: ‘ஏழைத் தொழிலாளிக்குத் தன் மண்ணீரலையே ஈந்த வள்ளலே!’ வாசகம் தலைவரே சொன்னது.

பாராட்டுக் கூட்டத்தில் சால்வைகள் குவிந்தபோது, கொழுந்து பறிக்கும் இசக்கியம்மா மேடையேறிக் காலில் விழுந்தாள்.

“அண்ணே, எம் புருசனுக்குக் கல்லீரல் போச்சுங்க. யாராவது ஒரு துண்டு குடுத்தாப் பொழைப்பாருன்னு டாக்டர் சொல்றாருங்க. மண்ணீரலையே முழுசாக் குடுத்தவரு நீங்க. ஈரல்ல ஒரு துண்டு குடுங்கண்ணே!”

கூட்டம் கைதட்டியது. அம்புரோஸ் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“குடுக்கலாம்மா... கமிட்டி கூடி முடிவு பண்ணட்டும்...”

அவர் மனைவி பிலோமி மைக்கைப் பிடுங்கினாள்.

“எந்திரிம்மா. இவரு ஒருத்தருக்கும் எதையும் குடுக்கல. இவரோட கல்லீரலே கெட்டு, மண்ணீரல் வீங்கி, ரத்தத்துல பிளேட்லெட் கொறஞ்சுதான் டாக்டர் அதை வெட்டி எடுத்தாரு. நீ சீக்கிரம் வேற ஆளைப் பாரு.”

இசக்கியம்மா தலைவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப இவருகிட்ட நல்லா இருக்கறது எதுங்க?”

“வாய்” என்றாள் பிலோமி.