ஓரத்துப் பந்து

சாஃப்ட்பால் மைதானத்தில் மூன்று தளங்களிலும் ஆள் நின்றது. இரண்டு அணிக்கும் ஓட்டங்கள் சமம். கடைசி இன்னிங்ஸ்.

வேடசந்தூர் அணியில் ஏற்கெனவே இருவர் அவுட். பேட்டை உயர்த்திப் பிடித்து நின்ற தமிழ்மதிக்கு மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் ஆகியிருந்தது. தரையில் பதித்த பிளேட்டுக்கு மேலே, ஓரமாகவாவது, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வரும் பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக்; அதற்கு வெளியே போனால் பால். இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் மூன்றாவதாக அவளும் அவுட், இன்னிங்ஸ் சமமாக முடிந்து ஆட்டம் நீளும். இன்னொரு பால் என்றால் அவள் நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம். எல்லாரும் ஒரு தளம் நகர, மூன்றாம் தளத்தில் நிற்பவள் உள்ளே வந்து ஓட்டம் சேர்த்துவிடுவாள். வேடசந்தூர் ஜெயித்துவிடும்.

நடுவர் ராபின் முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, பந்து பிடிக்கும் சுகன்யாவின் தோளுக்குப் பின்னால் குனிந்தார்.

எதிரே பந்தோடு நின்றது அவர் மகள் லிடியா.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இது கடைசி வருஷம். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே ஒருமுறை ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிச் சீட்டு கிடைக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் ஓடிய ஓட்டமெல்லாம் அதற்காகத்தான்.

மகள் பந்து போட, அப்பன் தீர்ப்புச் சொல்வதா என்று காலையிலேயே வேப்பமரத்தடியில் யாரோ கேட்டுச் சிரித்தது ராபின் காதில் விழுந்தது. திண்டுக்கல்லில் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கத் தெரிந்த வேறு ஆள் அன்று வரவில்லை. வந்திருந்தாலும் அவர் விலகியிருக்க மாட்டார். தன் நேர்மை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

லிடியா கையைச் சுழற்றினாள்.

பந்து தாழ்வாக, தமிழ்மதியை விட்டு விலகி வந்தது. தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் தொடர்ந்தார் ராபின். முழங்காலுக்குச் சற்று மேலே, பிளேட்டின் வெளி ஓரத்தை உரசிக்கொண்டு கடந்து, சத்தத்தோடு சுகன்யாவின் கையுறைக்குள் விழுந்தது.

தமிழ்மதி பேட்டை அசைக்கவில்லை.

பார்த்ததும் சொல்லிவிடக் கூடாது, ஒரு மூச்சு நிதானித்துச் சொல்ல வேண்டும் என்பது நடுவர்களுக்குப் பாலபாடம். கண்டதை மனசு இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளத்தான் அந்த ஒரு மூச்சு.

ராபினின் மனசு பந்தைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியைப் பார்த்தது.

“பால்.”

வேடசந்தூர்ப் பிள்ளைகள் கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். தமிழ்மதி பேட்டைப் போட்டுவிட்டு முதல் தளத்தை நோக்கிச் சந்தோஷத்தில் அழுதுகொண்டே ஓடினாள்.

சுகன்யா மட்டும் அசையவில்லை. பந்து விழுந்த இடத்திலேயே கையுறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லிடியா கையை விரிக்கவில்லை, அப்பாவை முறைக்கவுமில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போய்த் தமிழ்மதிக்குக் கை கொடுத்தாள்.

அவள் ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் ராபினுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வேடசந்தூர் பயிற்சியாளர் பொன்னழகு வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வெளி ஓரம். லிடியா போடும்போது மட்டும் அவர் கண்ணில் அது எப்போதும் கொஞ்சம் சுருங்கிப்போகும். மற்றப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரைக் ஆகிற பந்து அவளுக்கு ஆகாது. தன்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

கூட்டம் கலைந்ததும், மாவட்டச் சங்கச் செயலாளர் அப்துல் கையூம் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்தார். நெகிழ்ந்துபோயிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“காலையில ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே ஒங்க மக எங்கிட்ட வந்துச்சு சார். எங்கப்பாவ மட்டும் பிளேட்டுக்குப் பின்னால நிறுத்தாதீங்கன்னு அம்புட்டுக் கெஞ்சுச்சு. பெத்த பாசத்துல நீங்க அது பக்கம் சாஞ்சிருவீகன்னு பயந்திருச்சு போல.”

டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, தங்கமான பிள்ளை என்றார்.

தூரத்தில், லிடியா தனியாக உட்கார்ந்து காலணியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்றார் ராபின்.