அறுபத்தேழாம் பக்கம்

"அறுபத்தேழாம் பக்கத்தை எழுதினது யாரு? நீயா, உன் பேனாவா?"

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார் வேர்க்காரம்மா. மடியில் ஆய்வாளனின் புத்தகம், அச்சு மை வாசனையோடு. சுற்றிலும் சாக்கு விரிப்பில் வேர்களும் பட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன.

இரண்டு வருடம் அந்த வீட்டுப் பின்னறையில் தங்கி, அந்த ஊர் மக்களின் மருந்தறிவைக் கேட்டுக் கேட்டு எழுதியவன் அவன். எதற்கெடுத்தாலும் காரணம் கேட்டதால் அங்கே அவன் பெயரே 'ஏன் தம்பி'.

"நான்தான் எழுதினேன். ஏன்க்கா?"

"பார்றா, பழக்கம் இன்னும் விடலை! நான் தும்மினாக்கூட எந்தப் பக்கம் திரும்பித் தும்மினேன்னு குறிச்சுக்கிட்டவன் நீ. நீலத்தண்டுச் செடி ஓடைக்கு அக்கரையிலதான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இதுல இக்கரைன்னு இருக்கு. உனக்கு யார் சொன்னது?"

"சத்தியமா நான் வாயைத் திறக்கலை" என்றார், வேர் நறுக்கிக்கொண்டிருந்த அவர் கணவர். அவரை யாரும் கேட்கவில்லை.

அவன் சிரித்தான். அடக்க விலையைக் காட்டாமலே சரக்கைத் தள்ளிவிட்ட வியாபாரியின் சிரிப்பு.

"யாரும் சொல்லலைக்கா. நானேதான் மாத்தினேன். வேணும்னே!"

"வேணும்னேவா?"

"எனக்கு முன்னாடி வந்த ஆய்வாளர், மஞ்சவேர் இருக்கிற இடத்தைப் புட்டுப்புட்டு எழுதினார். அந்தப் புத்தகத்தைப் பார்த்தே கம்பெனிக்காரன் லாரியோட வந்து அடியோட வாரிட்டுப் போனான். இப்ப மஞ்சவேர் மருந்துக்குக்கூட இல்லைன்னு நீங்கதானே அழுதீங்க?"

"அழுதேன்தான்."

"நீலத்தண்டுக்கும் அந்தக் கதி வரலாமா? பறிக்கப் போறப்போ நீங்க ஒருத்தரையும் கூட்டிட்டுப் போறதில்லை. நிஜமான இடம் உங்க ரெண்டு பேருக்கும் எனக்கும்தான் தெரியும். இனி எவன் வந்தாலும் இக்கரையைத் தோண்டித் தோண்டி இடுப்பொடிஞ்சு போவான். அக்கரைச் செடி அக்கடான்னு இருக்கும்!"

கணவருக்குச் சிரிப்பு பீறிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "மாப்ளே, உன் மூளையே மூளை!"

வேர்க்காரம்மா சிரிக்கவில்லை. "இந்தப் புத்தகம் யார் யார் கைக்குப் போயிருக்கு?"

"போன வாரம்தான் வெளியாச்சு. முதல் ஆளா வாங்கினதே அந்தக் கம்பெனிதான்!" அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தார். மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"கிளம்பு. லாரி வர்றதுக்குள்ள ஒரு செடி விடாமப் பேர்த்து அக்கரையில நட்டாகணும். நீ இப்படிப் பொய் எழுதுவேன்னு தெரிஞ்சிருந்தா, நான் உன்கிட்ட உண்மையையே சொல்லியிருப்பேனே!"