காதுக்குப் போகும் கை

"இன்னைக்குக் கொலைகாரி வேஷம் எனக்குத்தான்," என்று ரூயி சொன்னதும் தோழிகள் சிரித்துவிட்டார்கள்.

சீனாவின் செங்டு நகரில் அவர்கள் வழக்கமாகப் போகும் கடை அது; ஆளுக்கொரு வேஷம் எடுத்து நடித்து, தங்களுக்குள் கொலைகாரர் யார் என்று கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. அங்கே அந்த வேஷம் வந்தபோதெல்லாம் அவள் பத்தே நிமிஷத்தில் பிடிபட்டிருக்கிறாள். பொய் சொன்னால் கை தானாகக் காதுமடலுக்குப் போய்விடும்.

"உனக்கெதுக்குடி வம்பு? பேசாம வேலைக்காரியா நடி," என்றாள் மெங்.

"முடியாது. அந்த வேஷத்தோட தாளைக் குடு."

வேஷம் யாருக்கு என்று தெரியாத, கூட ஆட வந்த வெளியாட்கள் மூன்று மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார்கள். ரூயி அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் சமையல்காரனாக நடித்த மெங்தான் கொலைகாரன் என்று ஓட்டு விழுந்தது.

"அடிப்பாவி, என்னையே மாட்டிவிட்டுட்டியே!" என்று மெங் அவளைக் கட்டிக்கொண்டாள்.

ரூயி சிரிக்கவில்லை. "என் கை காதுக்குப் போச்சா? உண்மையைச் சொல்லு."

"ஒரே ஒரு தடவை. விஷத்தைப் பத்திக் கேட்டப்ப."

"அப்ப இன்னொரு ஆட்டம். மறுபடியும் நான்தான் கொலைகாரி."

"என்னடி வெறி இது?"

"ஆஸ்பத்திரில அம்மாவோட ரிப்போர்ட்டை எங்கிட்டதான் குடுத்தாங்க. நாளைக்கு அம்மாகிட்ட வெறும் அல்சர்தான்னு சொல்லணும். அவங்க நான் சொல்றதைக் கேக்க மாட்டாங்க மெங். என் காதைத்தான் பார்ப்பாங்க."