கரிக்கோடு

நீடாமங்கலம் ரயில்வே கேட் அருகே, பட்டறை வாசலில், கரி சுரண்டிய வால்வுகளை மாட்டிய கார் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் நான்கு குழிகளிலும் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார் மெக்கானிக் அன்பரசன். சுரண்டிய கரியையே விரலில் தொட்டு, எண்ணெய் மட்டத்தில் கோடு இழுக்கிறார். கோட்டுக்குக் கீழே இறங்கினால் வால்வு கசிகிறது என்று அர்த்தம். "விடியக்காலைல ரெத்தினம் ஐயாவ டயாலிசிஸுக்கு ஏத்தணும்ணே," என்கிறாள் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டும் பூவிழி. "பேசாம பாரு, தங்கச்சி." மாலை வெயிலில் குழிக்கொரு வானம் கிடக்கிறது. நாற்றங்காலிலிருந்து எழுந்த கொக்கு நான்கையும் ஒவ்வொன்றாகக் கடக்கிறது. மன்னார்குடி ரயில் வருகிறது. தரை அதிர, நான்கு வானங்களும் சுருங்கி விரிகின்றன. ரயில் போன பிறகும் நெடுநேரம் இருவரும் குனிந்தே நிற்கிறார்கள். கோட்டை விட்டு எண்ணெய் இறங்கவில்லை. "ராத்திரியே மாட்டிடறேன்," என்று அன்பரசன் ஸ்பானரை எடுக்கிறார். பூவிழி போனை எடுக்கிறாள். "ஐயா, அஞ்சு மணிக்கு வாசல்ல நில்லுங்க."